ஒரே ஈரலில் இரண்டு கொழுப்பு: ஹெபடைடிஸ் சி இருப்பவருக்கு ‘ஃபேட்டி லிவர்’ ஏன் வருகிறது?

வேலூரில் ஐடா ஸ்கடர் சாலையிலும் ஆற்காடு சாலையிலும் விடிந்ததுமே பரிசோதனைக் கூடங்களின் வாசலில் ஆட்கள் நிற்கத் தொடங்கிவிடுவார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள், ஸ்கேனுக்கு டோக்கன் போட்டவர்கள், பக்கத்து லாட்ஜில் தங்கியிருக்கும் வெளிமாநிலத்தார் என்று எல்லோரும் கலந்து இருப்பார்கள். அவர்களில் சிலருக்குச் சாயங்காலம் கிடைக்கும் உறையில் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்றில் ‘ஆன்டி எச்.சி.வி: ரியாக்டிவ்’ என்று இருக்கும். இன்னொன்றில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ என்று இருக்கும்.

முதல் தாள் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸைப் பற்றியது. இரண்டாவது, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருப்பதைப் பற்றியது. இரண்டும் ஒரே ஆளுக்கு வந்தால் வீட்டில் கேள்விகள் கிளம்பும். குடிக்கவே குடிக்காதவருக்கு ஈரலில் கொழுப்பு எப்படி வந்தது? ஆள் ஒல்லியாகத்தானே இருக்கிறார்? வைரஸுக்கு மாத்திரை சாப்பிட்டால் கொழுப்பும் போய்விடுமா, அல்லது அதற்குத் தனி மருந்தா?

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். ஹெபடைடிஸ் சி இருப்பவரின் ஈரலில் இரண்டு விதக் கொழுப்பு இருக்கலாம். வைரஸே சேர்த்து வைப்பது ஒன்று. சர்க்கரை நோய், தொப்பை, சாப்பாடு, மது இவற்றால் சேர்வது இன்னொன்று. முன்னது வைரஸ் போனால் கூடவே போய்விடும். பின்னது போகாது. இந்த வேறுபாடு தெரியாததால் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ‘வெறும் கொழுப்புதான், இப்போது எல்லோருக்கும் இருக்கிறது’ என்று வைரஸைத் தேடாமலே விட்டுவிடுகிறார்கள். அல்லது ‘வைரஸ் போய்விட்டது’ என்று ஃபைலை மூடிவிட்டுக் கொழுப்பை மறந்துவிடுகிறார்கள். இரண்டிலும் கேடு ஈரலுக்குத்தான்.

## முதல் தாள் சொல்வது என்ன

ஹெபடைடிஸ் என்றால் கல்லீரல் அழற்சி. அதை உண்டாக்கும் வைரஸ்களில் ஏ, ஈ இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வருபவை. குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்து ஒரு தெருவுக்கே காமாலை வந்தது என்றால் பெரும்பாலும் இவைதான் காரணம். பி, சி இரண்டும் ரத்தத்தின் வழியாகப் பரவுபவை. சரியாகச் சுத்தம் செய்யாத ஊசி, பலருக்குப் பயன்படுத்திய சவரக் கத்தி, பச்சை குத்தும் ஊசி, பல ஆண்டுகளாகத் தொடரும் டயாலிசிஸ், பரிசோதிக்காமல் ஏற்றிய ரத்தம் ஆகியவை சி வைரஸ் நுழையும் வழிகள். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ தொடுவதாலோ ஒரே வீட்டில் இருப்பதாலோ அது பரவுவதில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு என்று தெரிந்ததும் அவருடைய தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்து வைப்பது தேவையில்லாத கொடுமை. பிளேடு, பல் துலக்கும் பிரஷ் இரண்டையும் தனியாக வைத்துக்கொண்டால் போதும்.

இந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டது 1989-இல். அதில் பங்குள்ள ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் கிடைத்தது. 1989-க்கு முன்னால் இதற்குப் பரிசோதனையே இல்லை. இந்தியாவில் தானம் பெறும் ரத்தத்தில் சி வைரஸைத் தேடுவது கட்டாயம் ஆனதும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதனால் 1980-களிலும் 1990-களிலும் அறுவைச் சிகிச்சையிலோ பிரசவத்திலோ ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒருமுறையாவது இந்தச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது.

‘ரியாக்டிவ்’ என்ற சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் அதிகம். அந்தச் சோதனை வைரஸைப் பார்ப்பதில்லை. வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைப் பார்க்கிறது. தொற்று ஏற்பட்டவர்களில் ஏறக்குறைய 100-க்கு 30 பேர் ஆறு மாதத்துக்குள் மருந்தே இல்லாமல் வைரஸை வெளியேற்றிவிடுகிறார்கள். மீதிப் பேரிடம் அது தங்கிவிடுகிறது. அதைத்தான் நாள்பட்ட ஹெபடைடிஸ் சி என்கிறோம். எதிர்ப்பொருள் இரு தரப்பினரிடமும் இருக்கும். வைரஸ் இப்போது உடலில் இருக்கிறதா என்பதை ‘எச்.சி.வி. ஆர்.என்.ஏ.’ சோதனை மட்டுமே சொல்லும். அது வராமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2022-க்குச் சொன்ன மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறக்குறைய 55 லட்சம் பேருக்கு இந்த நாள்பட்ட தொற்று இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது தெரியாது. காய்ச்சலோ வலியோ காமாலையோ இல்லாமலே ஆண்டுகள் ஓடும். 20 ஆண்டுக்குள் 100-க்கு 15 முதல் 30 பேருக்கு ஈரல் தழும்பேறிச் சுருங்கும். சிரோசிஸ் என்பது அதுதான்.

## இரண்டாவது தாள்

கல்லீரல் உயிரணுக்களில் 100-க்கு 5-க்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் துளிகள் தெரிந்தால் அது கொழுப்பு ஈரல். இதை உறுதியாகச் சொல்வது ஈரலிலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. எல்லோருக்கும் அதைச் செய்ய முடியாது. எனவே முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கிறார்கள். அதில் கொழுப்பு ஈரல் பக்கத்தில் உள்ள சிறுநீரகத்தைவிட வெளுப்பாகத் தெரியும். எவ்வளவு வெளுப்பு என்பதுதான் கிரேடு 1, 2, 3.

இந்த இடத்தில் இரண்டு செய்திகளை மனத்தில் வைக்க வேண்டும்.

1. ஈரலில் ஐந்தில் ஒரு பங்காவது கொழுப்பு ஏறும் வரை சாதாரண ஸ்கேனில் அது சரியாகத் தெரியாது. ‘ஸ்கேன் நார்மல்’ என்றால் கொழுப்பே இல்லை என்று அர்த்தம் இல்லை.

2. கிரேடு என்பது கொழுப்பின் அளவு. ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அது சொல்லாது. கெடுதலை அளப்பது தழும்பு. அதை எஃப் 0 முதல் எஃப் 4 வரை தனியாகக் குறிப்பார்கள். எஃப் 4 என்றால் சிரோசிஸ். கிரேடு 1 கொழுப்போடு எஃப் 3 தழும்பு இருப்பவர்களும் உண்டு, கிரேடு 3 கொழுப்போடு தழும்பே இல்லாதவர்களும் உண்டு. ஈரல் நன்றாகச் சுருங்கிய பிறகு கொழுப்பு குறைந்துகூடப் போகும். ஆகவே ‘கிரேடு 1 தானே’ என்று நிம்மதி அடைவதற்கு அந்த எண்ணில் ஒன்றும் இல்லை.

## கிடங்கும் லாரியும்

ஈரலில் கொழுப்பு எப்படிச் சேர்கிறது என்பதை விளக்க ஆரணிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பழைய வட ஆற்காட்டில் அரிசி ஆலைக்குப் பேர்போன ஊர் அது. ஆலைக்கு நெல் பல வழியாக வருகிறது. உள்ளே அரைபடுகிறது. மூட்டையாகி லாரியில் ஏறி வெளியே போகிறது. வரத்து கூடினாலும் கிடங்கு நிரம்பும். லாரி வராவிட்டாலும் கிடங்கு நிரம்பும். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கதவு வரை மூட்டை அடுக்கியிருக்கும்.

கல்லீரலுக்குக் கொழுப்பு மூன்று வழியாக வருகிறது: உடலில் ஏற்கெனவே சேர்ந்த கொழுப்பு கரைந்து வருவது, சாப்பாட்டுக் கொழுப்பு, அப்புறம் மிஞ்சிய சர்க்கரையையும் மாவுச்சத்தையும் ஈரலே கொழுப்பாக மாற்றிக்கொள்வது. வெளியேறும் வழி இரண்டு. உயிரணுவுக்குள்ளேயே எரித்துச் சக்தியாக்குவது ஒன்று. வி.எல்.டி.எல். என்ற பொட்டலங்களில் கட்டி ரத்தத்தில் அனுப்புவது இன்னொன்று. நம் உவமையில் அதுதான் லாரி. லாரியில் மூட்டை ஏற்றும் சுமைகூலி ஆளைப் போல அங்கே ஒரு புரதம் வேலை செய்கிறது, எம்.டி.பி. என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள்.

சர்க்கரை நோயும் தொப்பையும் வரத்தைக் கூட்டுகின்றன. ஹெபடைடிஸ் சி வைரஸ், அதிலும் குறிப்பாக அதன் மூன்றாம் வகை, லாரியை நிறுத்துகிறது. இந்த ஒன்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

## வைரஸுக்குக் கொழுப்பு எதற்கு

நோய்க்கிருமி ஒன்று போகிற போக்கில் ஈரலில் கொழுப்பைக் கொட்டிவிட்டுப் போவதில்லை. கொழுப்பு இல்லாவிட்டால் சி வைரஸால் பெருகவே முடியாது. ஈரல் உயிரணுவுக்குள் இருக்கும் கொழுப்புத் துளியின் மேல்தான் அதன் உட்கருப் புரதம் போய் ஒட்டிக்கொள்கிறது. புது வைரஸ்கள் உருவாவதும் அந்தத் துளிகளை ஒட்டித்தான். உருவான வைரஸ் வெளியேறும்போதும் ஈரல் அனுப்பும் கொழுப்புப் பொட்டலத்தோடு சேர்ந்துகொண்டு ரத்தத்தில் சுற்றுகிறது. அடுத்த உயிரணுவுக்குள் நுழைய அது பயன்படுத்தும் வாசல்களில் சில, உடல் கொலஸ்டிராலை உள்ளே எடுத்துக்கொள்ள வைத்திருக்கும் வாசல்கள்தான்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990-களின் பிற்பகுதியில் செய்த ஒரு சோதனை இதை அழுத்தமாகக் காட்டியது. வைரஸின் உட்கருப் புரதத்தை மட்டும் உண்டாக்கும் மரபணுவை எலிகளுக்குள் வைத்தார்கள். முழு வைரஸ் இல்லை, தொற்றும் இல்லை. இருந்தும் அந்த எலிகளின் ஈரலில் கொழுப்பு சேர்ந்தது. வயதான பிறகு சிலவற்றுக்கு ஈரல் புற்றுநோயும் வந்தது. கொழுப்புக்கு வைரஸின் ஒரே ஒரு புரதம் போதும் என்பது அப்போது தெளிவானது.

வைரஸ் ஈரலுக்குள் செய்யும் மாற்றங்களைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்:

1. எம்.டி.பி. என்ற சுமைகூலி ஆளின் வேலையை மட்டுப்படுத்துகிறது. பொட்டலம் கட்டுவது குறைகிறது. கொழுப்பு உள்ளேயே தங்குகிறது. ரத்தத்துக்குப் போகும் கொலஸ்டிரால் குறைகிறது.

2. ஈரல் தானே கொழுப்பைத் தயாரிக்கும் வேலையை முடுக்கிவிடுகிறது.

3. கொழுப்பை எரிக்கும் வேலையைத் தளர்த்துகிறது. உயிரணுவின் எரியுலையான மைட்டோகாண்டிரியாவும் இதில் பாதிக்கப்படுகிறது.

4. இன்சுலின் சொல்வதை உயிரணு கேட்காதபடி செய்கிறது. அழற்சியின்போது சுரக்கும் டி.என்.எஃப். போன்ற பொருள்கள் இன்சுலினின் செய்தியை நடுவழியில் தடுத்துவிடுகின்றன. இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. ஹெபடைடிஸ் சி இருப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் மற்றவர்களைவிட அதிகமாக வருவதற்கு இது ஒரு காரணம்.

## எந்த வகை வைரஸ் என்பதில் இருக்கும் விஷயம்

சி வைரஸில் பல மரபு வகைகள் உண்டு. ஜீனோடைப் என்று அறிக்கையில் எண் போட்டிருப்பார்கள். இந்தியாவில் அதிகம் காணப்படுவது வகை 3. அடுத்தது வகை 1.

நாள்பட்ட ஹெபடைடிஸ் சி உள்ளவர்களை மொத்தமாக எடுத்தால் ஏறக்குறைய பாதிப் பேரின் ஈரலில் கொழுப்பு இருக்கும். வகை 3 உள்ளவர்களை மட்டும் எடுத்தால் அது பத்துக்கு ஏழு பேர் அளவுக்குப் போகிறது. எண்ணிக்கையைவிடக் கவனிக்க வேண்டியது அதன் தன்மை. வகை 3-இல் ரத்தத்தில் வைரஸ் கூடக் கூட ஈரலில் கொழுப்பும் கூடுகிறது. உடல் எடைக்கும் அதற்கும் பெரிய தொடர்பு இல்லை. ஒல்லியான, சர்க்கரை இல்லாத, சொட்டுக் கள்கூடத் தொடாத ஆளுக்கும் வருகிறது. சிகிச்சையில் வைரஸ் ஒழிந்ததும் கொழுப்பு கரைகிறது. மறுபடி வைரஸ் தலைதூக்கினால் கொழுப்பும் திரும்ப வருகிறது. காரணம் வைரஸ்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

வகை 1-இல் கதை வேறு. அங்கே கொழுப்பு பெரும்பாலும் எடையையும் சர்க்கரையையும் இன்சுலின் எதிர்ப்பையும் பின்தொடர்கிறது. வைரஸ் போனாலும் அது அப்படியே நிற்கலாம்.

## நாமே ஏற்றும் மூட்டைகள்

வைரஸ் இல்லாமலே கொழுப்பு ஈரல் இன்று ஊர் ஊராக இருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல், காலணித் தொழிற்சாலைகளில் ஒரே இடத்தில் உட்கார்ந்து தைப்பவர்கள், குடியாத்தம் பக்கம் பீடி முறத்தின் முன்னால் நாள் முழுக்கக் குனிந்திருக்கும் பெண்கள், கடையில் கல்லாவை விட்டு எழாதவர்கள் எல்லோருக்கும் உழைப்பு உண்டு, களைப்பும் உண்டு. ஆனால் கொழுப்பை எரிக்கும் அசைவு மட்டும் குறைவு. மூன்று வேளையும் அரிசி. இடையில் ஐந்து டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் ஒரு நாளைக்கு 40 கிராமுக்கு மேல் அதிலேயே போய்விடுகிறது. அதற்கு மேல் வருவதுதான் வாரக் கடைசி பிரியாணியும் பண்டிகை மக்கன் பேடாவும். பழியைப் பிரியாணி மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. அன்றாட டீயும் மலையளவு சோறும்தான் பெரிய பங்கு.

எடைக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. மேல்நாட்டு அட்டவணையில் ‘நார்மல்’ என்று இருக்கும் எடை நம்மவருக்கு நார்மல் இல்லை. இந்தியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல்பருமன். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 59 கிலோவிலேயே முதல் எல்லை வந்துவிடுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. வரைதான். கைகால் குச்சியாகவும் வயிறு முன்தள்ளியும் இருக்கும் ஆளை ‘ஒல்லி’ என்று நாம் சொல்வது வழக்கம். ஈரலின் கணக்கில் அவர் ஒல்லி இல்லை.

மதுவைப் பற்றி ஒரே வரி: ஹெபடைடிஸ் சி இருப்பவருக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

## இரண்டும் ஓர் இடத்தில் கூடும்போது

வைரஸ் தனியாக ஈரலில் அழற்சியை உண்டாக்கும். கொழுப்பும் தனியாக உண்டாக்கும். இரண்டும் சேர்ந்தால் தழும்பு வேகமாக ஏறுகிறது. கொழுப்பு நிறைந்த உயிரணு எளிதில் சேதமடைகிறது. சேதமடைந்த இடத்தை ஈரல் நார் போட்டு மூடுகிறது. அந்த நார்தான் தழும்பு. சிரோசிஸுக்கு எடுக்கும் காலம் இதனால் சுருங்குகிறது. ஈரல் புற்றுநோயின் வாய்ப்பும் ஏறுகிறது. வகை 3 உள்ளவர்களுக்கு இந்த இரண்டு அபாயமும் மற்ற வகைகளைவிடக் கூடுதல்.

இன்சுலின் எதிர்ப்பு கொழுப்பைக் கூட்டுகிறது. கூடிய கொழுப்பு இன்சுலின் எதிர்ப்பைக் கூட்டுகிறது. சர்க்கரை நோய் கையை மீறிப் போவது ஒருபுறம், ஈரல் கெடுவது மறுபுறம். பல வருடமாகச் சர்க்கரை மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் கட்டுக்குள் வராத ஒருவருக்கு ஈரல் சேதமடைவதைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதியின் அளவும் ரத்தத்தில் கூடியே இருந்தால், ‘ஃபேட்டி லிவர்’ என்று எழுதி முடிப்பதற்கு முன் ஒருமுறை பி, சி வைரஸ்களுக்குச் சோதித்துவிட வேண்டும். ஒரு முழு நாள் வேலை கெடாத, எளிய ரத்தச் சோதனை அது. அதைக் கேட்டு வாங்க நோயாளிக்கு உரிமை உண்டு.

## எது வைரஸின் கொழுப்பு, எது நம்முடையது

ஸ்கேன் படத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. கிடங்கு நிரம்பியிருப்பது மட்டும்தான் அதில் தெரியும். துப்புகள் வேறு தாள்களில் இருக்கின்றன. ஹெபடைடிஸ் சி உள்ள இரண்டு ஆட்களைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதலாமவர் காட்பாடிக்காரர், வயது 34. எடை சரியாக இருக்கிறது, இடுப்பு 78 செ.மீ., சர்க்கரை இல்லை. ஆர்.என்.ஏ. அதிகம். கொலஸ்டிரால் மிகக் குறைவு. எஸ்.ஜி.ஓ.டி. (இதுவும் ஓர் ஈரல் நொதி) 50, எஸ்.ஜி.பி.டி. 81, தட்டணுக்கள் (பிளேட்லெட்) 2.5 லட்சம். ஸ்கேனில் கிரேடு 2 கொழுப்பு.

இரண்டாமவர் ராணிப்பேட்டைக்காரர், வயது 56. இடுப்பு 102 செ.மீ., பத்து வருடச் சர்க்கரை, டிரைகிளிசரைடு அதிகம். எஸ்.ஜி.ஓ.டி. 60, எஸ்.ஜி.பி.டி. 64, தட்டணுக்கள் 1.5 லட்சம். ஸ்கேனில் இவருக்கும் கிரேடு 2.

முதலாமவரின் கொலஸ்டிரால் குறைவாக இருப்பதைக் கண்டு வீட்டில் மகிழ்ச்சி அடைவார்கள். உண்மையில் லாரி ஓடவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். ஒல்லி உடம்பு, சர்க்கரையின்மை, நிறைய வைரஸ், தாழ்ந்த கொலஸ்டிரால் எல்லாம் வைரஸையே சுட்டுகின்றன. இரண்டாமவருடையது பெரும்பாலும் வரத்து கூடியதால் வந்தது. வைரஸின் பங்கும் அதில் கலந்திருக்கலாம்.

அடுத்து, தழும்பு. ரத்தச் சோதனை எண்களிலிருந்தே அதை மதிப்பிட ஃபிப்-4 என்ற கணக்கு இருக்கிறது. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும். அந்தத் தொகையை, தட்டணு எண்ணிக்கையை ஆயிரக்கணக்கில் எடுத்து எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும்.

1. காட்பாடிக்காரருக்கு: 34 × 50 = 1700. 81-இன் வர்க்கமூலம் 9; 250 × 9 = 2250. வகுத்தால் 0.76. ஹெபடைடிஸ் சி உள்ளவருக்கு 1.45-க்குக் கீழ் என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு.

2. ராணிப்பேட்டைக்காரருக்கு: 56 × 60 = 3360. 64-இன் வர்க்கமூலம் 8; 150 × 8 = 1200. வகுத்தால் 2.8. 3.25-க்கு மேல் என்றால் முற்றிய தழும்பைச் சந்தேகிக்க வேண்டும். இவர் இடையில் நிற்கிறார். அடுத்த சோதனை தேவை.

அந்த அடுத்த சோதனை பெரும்பாலும் ஃபைப்ரோஸ்கேன். விலாவின் மேல் வைத்து மெல்லத் தட்டி, ஈரல் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று அளக்கும் கருவி. கிலோபாஸ்கல் என்ற அலகில் வருவது விறைப்பு, 12.5-ஐ ஒட்டியோ மேலோ போனால் சிரோசிஸாக இருக்கலாம். கேப் என்று தனியாக வருவது கொழுப்பின் அளவு. குறைந்தது மூன்று மணி நேரம் சாப்பிடாமல் போக வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் கூடிக் காட்டும். அழற்சி அதிகமாக இருக்கும்போதும் கூடும்.

கிரேடு ஒன்றாக இருந்தும் இந்த இருவரின் நிலையும் ஒன்றில்லை. காட்பாடிக்காரருக்கு வைரஸ் மாத்திரையே கொழுப்புக்கும் மருந்து. ராணிப்பேட்டைக்காரருக்கு மாத்திரை பாதி வேலைதான்.

## மாத்திரையும் அதற்கு முன் கேட்க வேண்டியவையும்

ஒரு காலத்தில் இதற்கு வாரா வாரம் இன்டர்ஃபெரான் ஊசி. ஆறு மாதம், ஒரு வருடம் என்று காய்ச்சலோடும் சோர்வோடும் போட்டுக்கொள்ள வேண்டும். ஈரலில் கொழுப்பு இருந்தால் அந்த மருந்து சரியாக வேலை செய்யாது என்ற சங்கடம் வேறு. நேரடியாக வைரஸைத் தாக்கும் மாத்திரைகள் வந்ததும் நிலைமை மாறியது. சோஃபாஸ்புவிர் அமெரிக்காவில் 2013-இல் அனுமதி பெற்றது. 2015 முதல் இந்தியாவிலேயே தயாரான ஜெனரிக் மாத்திரைகள் கிடைக்கின்றன. அதோடு டாக்லடாஸ்விர் அல்லது வெல்படாஸ்விர் சேர்த்து, பெரும்பாலோருக்கு 12 வாரம். 100-க்கு ஏறக்குறைய 95 பேருக்கு வைரஸ் முற்றிலும் ஒழிந்துவிடுகிறது. கொழுப்பு இருப்பது இந்த மாத்திரைகளுக்கு முன்போலத் தடையில்லை.

2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மாத்திரையும் இலவசம். வேலூர்க்காரர்கள் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்தால் எங்கே, எப்படிப் பதிவது என்பது தெரியும். காசில்லை என்று தள்ளிப்போட இனி அவசியமில்லை.

இந்த மாத்திரைகள் எல்லா வகை வைரஸுக்கும் கேட்பவை என்பதால் இப்போது பலருக்கு ஜீனோடைப் சோதனையே செய்வதில்லை. செலவு மிச்சம், நல்லதுதான். ஆனால் ‘உங்களுக்கு வகை 3’ என்று எந்தத் தாளும் சொல்லாது. அதனால்தான் மேலே சொன்ன துப்புகளுக்கு இன்று மதிப்பு கூடியிருக்கிறது.

மாத்திரை தொடங்கும் முன் மருத்துவரிடம் மறக்காமல் பேச வேண்டியவை:

1. ஹெபடைடிஸ் பி சோதனை செய்தாயிற்றா? சி வைரஸ் அடங்கும்போது உறங்கிக்கிடந்த பி வைரஸ் விழித்துக்கொண்ட நிகழ்வுகள் உண்டு.

2. காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடாய்ன் அல்லது கார்பமாசெபின், இதயத்துக்கு அமியோடரோன் எடுக்கிறீர்களா? இவை இந்த மாத்திரைகளோடு ஒத்துப்போகாதவை.

3. நெஞ்செரிச்சலுக்கு என்று கடையில் வாங்கிப் போடும் ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகள் வெல்படாஸ்விரை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். அதைச் சின்ன விஷயம் என்று சொல்லாமல் விட்டுவிடக் கூடாது.

4. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள், வைரஸ் குறையக் குறைய இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும். பழைய அளவே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். அந்த 12 வாரமும் அடிக்கடி சர்க்கரை பார்க்க வேண்டும்.

கீழாநெல்லியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காமாலைக்குப் பச்சிலை அரைத்துக் கொடுப்பது நம் கிராமங்களில் நெடுநாள் வழக்கம். ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். பேர் பச்சிலைக்குப் போய்விடும். நாள்பட்ட சி அப்படித் தணிவதில்லை. அதற்கு உறுதியான மருந்து இலவசமாகவே இருக்கும்போது பச்சிலையை நம்பி மாதங்களைக் கழிப்பது, தழும்புக்குக் கொடுக்கும் அவகாசம்.

## வைரஸ் போன பிறகு

கடைசி மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. சோதனை செய்வார்கள். வைரஸ் தென்படவில்லை என்றால் குணம். இதற்குப் பிறகு வரும் மாற்றங்கள் சிலரைக் கலங்க வைக்கின்றன, காரணம் புரிந்தால் கலங்க வேண்டியதில்லை.

கொலஸ்டிரால் ஏறும். வகை 3 இருந்தவர்களுக்கு இது தெளிவாகத் தெரியும். நின்றுபோன லாரிகள் மறுபடி ஓடத் தொடங்கியதன் விளைவு இது. மாத்திரை கெடுத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஆனால் இதயத்துக்கான கணக்கை இனிப் புதிதாகப் போட வேண்டும்; தேவைப்பட்டால் கொலஸ்டிரால் மருந்தும் எடுக்க வேண்டும்.

எடையும் பலருக்குக் கூடுகிறது. சோர்வு போய்ப் பசி திரும்புகிறது, ‘உடம்பு தேறட்டும்’ என்று வீட்டில் கவனிப்பும் கூடுகிறது. அன்பினால் செய்வதுதான், ஆனாலும் காட்பாடிக்காரர் போன்றவருக்கு வைரஸ் விட்டுப்போன இடத்தில் இரண்டாவது வகைக் கொழுப்பு குடியேறுவது இப்படித்தான்.

ராணிப்பேட்டைக்காரர் போன்றவருக்கு வேலை இப்போதுதான் தொடங்குகிறது. 80 கிலோ எடை இருந்தால் 4 கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். 6 முதல் 8 கிலோ குறைத்தால் அழற்சியும் தணியும். தழும்பு பின்வாங்கவும் வாய்ப்பு உண்டு. ஒரே மாதத்தில் பட்டினி கிடந்து குறைக்கக் கூடாது, ஆறு மாதம் ஒரு வருடம் என்று நிதானமாகக் குறைக்க வேண்டும். சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் பருப்பு, முட்டை, மீன், கொண்டைக்கடலை, காய் வைக்கலாம். முள்ளுக்கத்திரிக்காய் கூட்டுக்கு எண்ணெயை அளந்து ஊற்றலாம். டீயில் சர்க்கரையை நிறுத்துவது எல்லாவற்றையும்விட எளிது. காபி குடிப்பவர்களிடம் ஈரல் தழும்பு மெதுவாக ஏறுகிறது என்று பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சர்க்கரை போடாமல் குடிக்க முடிந்தால் அதை விட வேண்டியதில்லை. தினம் அரை மணி நேரம் வியர்க்க நடப்பது எடை குறையாவிட்டாலும் ஈரல் கொழுப்பைக் குறைக்கும்.

குணமாகி ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆன பிறகு ஃபைப்ரோஸ்கேனை மறுபடி எடுத்துப் பார்த்தால், மிஞ்சிய கொழுப்பு யாருடையது என்பது தெரிந்துவிடும். வைரஸின் பங்கு அதற்குள் போயிருக்கும். விறைப்பு எண் குறைந்திருந்தால் நல்லதுதான். ஆனால் அதில் ஒரு பகுதி அழற்சி அடங்கியதால் வந்தது, தழும்பு முழுவதும் மறைந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

‘ஆன்டி எச்.சி.வி.’ சோதனை குணமான பிறகும் பல ஆண்டுகள் ‘ரியாக்டிவ்’ என்றே காட்டும். வேலைக்கான மருத்துவச் சோதனையிலோ வேறு அறுவைச் சிகிச்சைக்கு முன்போ அந்தச் சொல்லைக் கண்டு மறுபடி பயம் பிடித்துக்கொள்ளும். ‘ஆர்.என்.ஏ. தென்படவில்லை’ என்ற தாளை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் சான்று. அதே சமயம் ஒருமுறை வந்து குணமானது மறுமுறை வராமல் காக்காது. இந்த வைரஸுக்குத் தடுப்பூசி இல்லை. அசுத்தமான ஊசியும் சவரக் கத்தியும் முன்போலவே அபாயம்தான்.

சிகிச்சைக்கு முன்பே சிரோசிஸ் அடைந்திருந்தவர்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. வைரஸ் ஒழிந்தாலும் ஈரல் புற்றுநோயின் அபாயம் குறையுமே தவிர இல்லாமல் போகாது. கொழுப்பும் சர்க்கரையும் கூட இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும், பல இடங்களில் அதோடு ஈரல் புற்றுநோயைத் தேடும் ஏ.எஃப்.பி. என்ற ரத்தச் சோதனையும் செய்வார்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் இந்தத் தேதி தவறக் கூடாது. ஈரலில் கட்டி சிறிதாக இருக்கும்போது பிடிபட்டால் அதைக் கருக்கவோ வெட்டி எடுக்கவோ முடியும். வலி வந்த பிறகு போனால் பெரும்பாலும் அந்த வாய்ப்பு இருப்பதில்லை.